முறுக்கு உரல் மாதிரி ஒரு மெஷின்! பி.எச்டி. படிக்க மாதம் ரூ.37 ஆயிரம் கிடைக்கும்

காட்டுமன்னார்கோயில்: "வயசு 27 ஆகுது, இன்னுமா படிக்கிறான்?" பி.எச்டி. படிக்கும் பிள்ளை இருக்கிற வீட்டில் அக்கம்பக்கத்தார் கேட்கும் கேள்வி இது. அந்தப் பிள்ளை "பாலிமர், 3டி பிரிண்டிங்" என்று சொன்னால் பெற்றோருக்கே ஒன்றும் விளங்குவதில்லை.

பாலிமர் வேறொன்றும் இல்லை. தண்ணீர்க் குடம், நைலான் கயிறு, சைக்கிள் டயர் எல்லாம் அதுதான். சின்னச் சின்ன மூலக்கூறுகள் பூச்சரம் போல ஆயிரக்கணக்கில் கோர்த்து நிற்கும் நீளச் சங்கிலி. போர்வெல் பைப்புக்கான பி.வி.சி. நம்ம கடலூர் சிப்காட்டிலேயே தயாராகிறது.

3டி பிரிண்டர் முறுக்கு உரல் மாதிரி. 1.75 மி.மீ. பருமன் உள்ள பிளாஸ்டிக் கம்பி சுமார் 200 டிகிரி சூட்டில் உருகி, இழையாக இறங்கி, ஒன்றின் மேல் ஒன்றாகப் படியும். கம்ப்யூட்டரில் வரைந்த பொருள் கைக்கு வந்துவிடும். அமெரிக்காவில் ஸ்காட் கிரம்ப் என்பவர், மகளுக்குத் தவளை பொம்மை செய்யப் பசைத் துப்பாக்கியை வைத்து முயன்றபோது பிறந்த யோசனை இது. 2009-ல் காப்புரிமை முடிந்ததும் மெஷின் விலை மளமளவென இறங்கியது.

இதில் ஆராய்ச்சி எங்கே வருகிறது?

இப்படிச் செய்த பொருளை இழுத்தால், அடுக்கும் அடுக்கும் சேரும் இடத்தில்தான் முதலில் உடையும். கீழ் அடுக்கு ஆறிய பிறகு மேல் அடுக்கு வந்து உட்காருவதால், இரண்டின் சங்கிலிகளும் நன்றாகப் பின்னிக்கொள்ள நேரம் இல்லை. வெல்டிங் பட்டறையில் சூடு பற்றாத ஒட்டு விட்டுப்போகுமே, அதே கதை. சூட்டை ஏற்றினால் ஒட்டும், ஆனால் உருவம் தொய்ந்துவிடும். நார் கலந்தால் வலு கூடும், ஆனால் மெஷினின் மூக்கு அடைத்துக்கொள்ளும். இந்த இழுபறியைத் தீர்ப்பதில்தான் ஒரு மாணவருக்கு நாலைந்து வருஷம் போகிறது. செயற்கைக் கையோ மெஷின் பாகமோ, நடுவில் விட்டுப்போனால் யார் நம்பி வாங்குவார்கள்?

பிளாஸ்டிக்கில் மட்டும் இல்லை. 2021-ல் சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில் த்வஸ்தா நிறுவனம் கான்கிரீட்டில் 600 சதுர அடி வீட்டையே அச்சடித்தது. 2024 மே 30-ல் அக்னிகுல் நிறுவனம் அச்சடித்த உலோக என்ஜினோடு ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விட்டது.

எந்த வழியாகப் போவது?

பாலிமர் என்ற பெயரிலேயே பட்டம் வாங்கியிருக்க வேண்டும் என்பதில்லை. எஸ்.சிவராம் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் பி.எஸ்சி., கான்பூர் ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி., அமெரிக்காவில் பி.எச்டி. எனப் படித்தது எல்லாம் வேதியியல்தான். பி.எச்டி.க்குப் பிறகுதான் டயருக்குப் பேர்போன ஆக்ரானில் பாலிமர் பக்கம் வந்தார். பின்னாளில் புனே தேசிய வேதியியல் ஆய்வகத்துக்கே இயக்குநர். 2006-ல் பத்மஸ்ரீ.

வேதியியல், மெக்கானிக்கல், உற்பத்திப் பொறியியல் எதிலிருந்தும் வரலாம். சிதம்பரம் அண்ணாமலை பல்கலைக்கழகத்தில் உற்பத்திப் பொறியியல் துறை இருக்கிறது. சென்னையில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பாலிமர் அறிவியல் துறை, 1968-ல் தொடங்கிய கிண்டி சிப்பெட், குரோம்பேட்டை எம்.ஐ.டி. இருக்கின்றன. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்கு என்ஜினீயரிங் படிப்பில் 7.5 சதவீத ஒதுக்கீடு 2021-ல் வந்தது.

இனி காசு விஷயம். எம்.எஸ்சி. முடித்தவர்கள் சி.எஸ்.ஐ.ஆர். 'நெட்' தேர்வில் ஜே.ஆர்.எப். வாங்கினால் முதல் 2 வருஷம் மாதம் ரூ.37 ஆயிரம், அதன் பிறகு ரூ.42 ஆயிரம். 2023 ஜனவரி முதல் கணக்கிட்டு உயர்த்திய தொகை இது. வீட்டு வாடகைப்படி தனி. என்ஜினீயரிங் பிள்ளைகளுக்கு 'கேட்' தேர்வு. அதில் பாலிமருக்கென்றே தனிப் பிரிவு உண்டு.

உதவித்தொகை இல்லாமலும் பி.எச்டி. சேரலாம், ஆனால் செலவு முழுக்க வீட்டின் தலையில் விழும். "பணம் கட்டுங்க, பட்டம் வாங்கித் தர்றோம்" என்று வரும் புரோக்கர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

சேரும் முன்பு வழிகாட்டிப் பேராசிரியரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். லேப்பில் பிரிண்டர் ஓடுகிறதா? இழுத்துப் பார்க்கும் சோதனை மெஷின் எங்கே? உதவித்தொகை எத்தனை வருஷத்துக்கு? கூச்சப்படாமல் கேட்கலாம்.