விசேட தேவையுடைய பிள்ளைகளுக்குப் பாடசாலையிலும் வீட்டிலும் உதவுதல்



"விசேட தேவையுடைய பிள்ளைக்குச் சகமாணவர்கள் உதவக்கூடிய வழிகளை விளக்குக" என்று கேட்டால், பலர் "இரக்கம் காட்ட வேண்டும், அன்பு செலுத்த வேண்டும்" என இரண்டு வரிகள் எழுதி நிறுத்திவிடுகின்றனர். இவை பிழையல்ல. ஆனால் இரக்கத்தினால் மட்டும் ஒரு பிள்ளைக்குக் கரும்பலகை தெரியப்போவதில்லை. ஆசிரியரின் குரல் கேட்கப்போவதுமில்லை. எது தடையாக இருக்கிறது என்பதை அறிந்து அதனை நீக்குவதே உதவியாகும்.

1. விசேட தேவை என்றால் என்ன?

பார்த்தல், கேட்டல், பேசுதல், நடமாடுதல், கற்றல், நடத்தை முதலியவற்றில் உள்ள இடர்பாடு காரணமாக, ஏனைய பிள்ளைகளைவிட மேலதிக உதவி தேவைப்படும் பிள்ளையே விசேட தேவையுடைய பிள்ளை எனப்படும். இங்கு இரண்டு விடயங்களை வேறுபடுத்தி விளங்கிக்கொள்ளுங்கள்.

அ. குறைபாடு: பிள்ளையிடம் உள்ளது. உதாரணம்: நடக்க முடியாமை.
ஆ. தடை: சூழலில் உள்ளது. உதாரணம்: சக்கர நாற்காலி ஏற முடியாத மாடிப்படி.

குறைபாட்டை நம்மால் மாற்ற முடியாதிருக்கலாம். ஆனால் வகுப்பை மேல்மாடியிலிருந்து கீழ்த்தளத்திற்கு மாற்றினால் அந்தத் தடை நீங்கிவிடும்.

சக்கர நாற்காலி எல்லோர் கண்ணுக்கும் தெரியும். கண்ணுக்குத் தெரியாத தேவைகளே பெரும்பாலும் தவறவிடப்படுகின்றன. ஆகவே கேட்டல் குறைபாட்டை உதாரணமாக எடுத்துப் பார்ப்போம்.

2. இனங்காணல்

எனது வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். பின்வாங்கில் இருப்பான். கேள்வி கேட்டால் பக்கத்தில் இருப்பவனின் முகத்தைப் பார்ப்பான். சொல்வதெழுதலில் "பத்து" என்பதைப் "பட்டு" என்று எழுதுவான். கவனமில்லை என்று பல தடவை ஏசியிருக்கிறேன். ஒருநாள் கடும் மழை. தகரக் கூரையில் விழுந்த சத்தத்தில் எனது குரல் ஒருவருக்கும் கேட்கவில்லை. வகுப்பு முழுவதும் அவனைப் போலவே பக்கத்துக் கொப்பியை எட்டிப் பார்த்தது. அப்போதுதான் எனக்கு விளங்கியது: அவனுக்கு ஒவ்வொரு நாளும் மழை நாள்தான். பெற்றோருக்கு அறிவித்தேன். வைத்தியப் பரிசோதனையில் இரண்டு காதுகளிலும் கேட்டல் குறைவு எனத் தெரிந்தது. நான் ஏசிய மாதங்களை அவனுக்குத் திருப்பிக் கொடுக்க முடியாது. நீங்கள் அந்தப் பிழையைச் செய்ய வேண்டாம்.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்:
• அடிக்கடி "என்ன?" என்று திருப்பிக் கேட்டல்
• பேசுபவரின் வாயையே உற்றுப் பார்த்தல்
• ஒரு பக்கக் காதைத் திருப்பிக் கொடுத்தல்
• தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டி வைத்தல்
• முன்னால் நின்று கேட்டால் விடை சொல்லி, பின்னால் நின்று கேட்டால் பேசாதிருத்தல்

இவை இருந்தாலே குறைபாடு உண்டு என முடிவு செய்யக்கூடாது. பரிசோதிக்க வேண்டும் என்பதே இதன் பொருள். தடிமனுக்குப் பின் நடுக்காதில் நீர் தேங்குவதாலும், காதுக்குடுமி அடைப்பதாலும் கேட்டல் குறையலாம். இவை பெரும்பாலும் குணமாக்கக்கூடியவை.

3. பாடசாலையில் செய்யக்கூடியவை

• முன்வாங்கில், ஆசிரியரின் முகம் தெரியும் இடத்தில் இருத்துதல்.
• கரும்பலகையைப் பார்த்தபடி பேசாமல், வகுப்பைப் பார்த்துப் பேசுதல்.
• முக்கிய சொற்களை எழுதிக் காட்டுதல். "பாலை", "மாலை" ஆகிய இரண்டையும் கண்ணாடி முன் நின்று சத்தமின்றிச் சொல்லிப் பாருங்கள். உதடு ஒரே மாதிரியே அசையும். உதட்டைப் பார்த்து எல்லாவற்றையும் விளங்கிக்கொள்ள முடியாது.
• கத்திப் பேசாமல், தெளிவாகவும் நிதானமாகவும் பேசுதல். கத்தினால் உதட்டின் அசைவு மாறிவிடும்.
• வகுப்பில் இரைச்சலைக் குறைத்தல். கேட்டற் கருவி குரலுடன் இரைச்சலையும் கூட்டிக் கொடுக்கும்.
• குறிப்புகளைப் பகிர்தல். ஆனால் அவரது வேலையை நீங்கள் செய்து கொடுப்பது உதவியாகாது.
• பட்டப்பெயர் சூட்டுவதையும், பேச்சைப் பார்த்துச் சிரிப்பதையும் தவிர்த்தல். கேலிக்குப் பயந்து கருவியைக் கழற்றிப் பைக்குள் வைக்கும் பிள்ளை மறுபடியும் ஒன்றும் கேளாத நிலைக்குச் செல்கிறது.

4. வீட்டில் செய்யக்கூடியவை

• அரசாங்க வைத்தியசாலையில் காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் காட்டுதல்.
• காதினுள் எண்ணெய் விடுவதையும் குச்சியால் குடைவதையும் நிறுத்துதல்.
• பிள்ளையின் முகத்தைப் பார்த்து, நன்றாக வெளிச்சம் உள்ள இடத்தில் பேசுதல்.
• சகோதரரைப் போலவே வீட்டு வேலையிலும் விளையாட்டிலும் சேர்த்துக்கொள்ளுதல். விருந்தினர் வந்தால் மறைத்து வைக்கக்கூடாது.
• தம்பி, தங்கையிடம் அறிகுறியைக் கண்டால் அம்மா, அப்பாவிடம் சொல்லுதல். பெரியவர்கள் வேலைக்குச் செல்லும் வீட்டில் முதலில் கவனிக்கக்கூடியவர் நீங்களாகவே இருக்கலாம்.

5. இது சலுகையல்ல, உரிமை

• 1994 – சலமன்கா பிரகடனம்: எல்லாப் பிள்ளைகளையும் சாதாரண பாடசாலையில் சேர்த்துக் கற்பிக்கும் உட்படுத்தற் கல்வியை வலியுறுத்தியது.
• 1996 – இலங்கையின் 28 ஆம் இலக்கச் சட்டம்: வலது குறைந்தோருக்குக் கல்வி நிறுவன அனுமதியிலும் தொழிலுக்கு ஆட்சேர்ப்பதிலும் பாரபட்சம் காட்டுவதைத் தடை செய்தது.
• 2006 – ஐ.நா. சமவாயம்: 24 ஆம் உறுப்புரை கல்வி உரிமை பற்றியது. இலங்கை 2016 இல் இதனை ஏற்று உறுதிப்படுத்தியது.

நினைவிற் கொள்க: மூக்குக்கண்ணாடி அணிந்து பரீட்சை எழுதுபவரைச் சலுகை பெற்றவர் என்று யாரும் சொல்வதில்லை. கேட்டற் கருவியும் முன்வாங்கும் அதுபோன்றவையே.

பயிற்சி வினாக்கள்

1. குறைபாடு, தடை ஆகியவற்றை உதாரணம் தந்து வேறுபடுத்துக.
2. கேட்டல் குறைபாட்டின் அறிகுறிகள் மூன்று தருக.
3. உமது வகுப்பறையைச் சுற்றிப் பார்த்து, ஒரு பிள்ளைக்குத் தடையாகக்கூடிய இரண்டு விடயங்களையும், செலவின்றி அவற்றை நீக்கும் வழிகளையும் எழுதுக.

மூன்றாம் வினாவின் விடையைக் கொப்பியில் எழுதியதோடு நிறுத்தாமல், உங்கள் வகுப்பாசிரியரிடமும் காட்டுங்கள்.