பாசிக்குடா பக்கத்தில் இருந்தும் மணல் ஏன் வாங்க வேண்டும்?

ஓட்டமாவடிப் பாலத்தின் கீழே வாழைச்சேனைக் களப்பு, கிழக்கே பாசிக்குடாக் கடற்கரை, வடக்கே காயான்கேணி. இவ்வளவு மணல் சும்மா கிடக்க, உப்புநீர் மீன்தொட்டிக்கு ஒரு பை மணலைக் காசு கொடுத்து வாங்குவது வீண் செலவாகத்தான் தெரியும். ஆனால் தொட்டிக்குள் மணலை விட அதிகமாக வந்து சேருவது அதனோடு ஒட்டிய அழுக்குத்தான். மாதுறு ஓயா வயல்வெளிகளைக் கடந்து இந்தக் களப்பில் கலக்கிறது. வடிநீரோடு வரும் பொசுபேற்று தொட்டியில் பாசியை வளர்க்கும். கறுத்து, கூழ்முட்டை மணம் அடிக்கும் களப்புச் சேற்றில் ஐதரசன் சல்பைட் இருக்கும். அதைக் கிளறினால் மீன் சாகும். கடற்கரை மணல் இதைவிடச் சுத்தமானது. என்றாலும், அதில் கறுப்பு வரியாகத் தெரியும் கனிய மணலைக் கவனிக்க வேண்டும் (புல்மோட்டையில் இல்மனைற்றுக்காக அகழப்படுவதும் இந்த இனம்தான்). காந்தத்தில் ஒட்டும் மணிகள், கண்ணாடி துடைக்கும் காந்தத் துடைப்பானில் சிக்கிக் கண்ணாடியைக் கீறிவிடும்.

முருகைக்கல் மணல் போட்டால் நீரின் பிஎச் தானாகவே நிற்கும், குவாட்ஸ் மணல் போட்டால் பழுப்புப் பாசி பிடிக்கும் என்று கடைக்காரர்கள் சொல்வதுண்டு. இரண்டும் அரைகுறை உண்மை. கடல்நீரின் பிஎச் ஏறத்தாழ 8.1. அந்த நீரில் கல்சியம் காபனேற்று ஏற்கெனவே நிறைவாக இருப்பதால் மணல் பெரிதாகக் கரையாது. பற்றீரியாக்கள் அமிலத்தை உண்டாக்கும் ஆழத்து அடுக்கில் மட்டும் கொஞ்சம் கரையும். ஆகவே பிஎச்சைக் காப்பது ஒழுங்கான நீர் மாற்றமும் அளந்து பார்ப்பதும்தான். குவாட்ஸ் கரையும் வேகமோ மிகமிகக் குறைவு. புதுத் தொட்டியில் வரும் பழுப்புப் படலம் பெரும்பாலும் நாம் ஊற்றும் நீரில் உள்ள சிலிக்காவால் வருவது, எந்த மணலிலும் வரும்.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது மணியின் பருமன். ஒன்று முதல் இரண்டு மில்லிமீற்றர் பொதுவாகப் போதும். அரை மில்லிமீற்றருக்குக் கீழே போனால் பம்பின் ஓட்டத்தில் புழுதியாக எழும்பும், மூன்றுக்கு மேலே போனால் மிஞ்சிய தீன் இடுக்கில் அழுகும். இரவில் மணலுக்குள் புதையும் மீன் வளர்ப்பவர் மட்டும் ஓட்டத்தைத் தணித்து, மென்மணலை ஐந்து சென்ரிமீற்றர் ஆழத்துக்குப் போடலாம். மற்றவர்களுக்கு இரண்டு, மூன்று சென்ரிமீற்றர் தாராளம்.

கடலிலிருந்து எடுத்த ஈர மணலில் நல்ல பற்றீரியா உயிரோடு வருமே என்பது நியாயமான கேள்வி. வரும். ஆனால் அதனோடு வரும் புழுக்களும் சிப்பிக் குஞ்சுகளும் வழியிலேயே செத்து அமோனியாவை ஏற்றிவிடும். அந்தப் பற்றீரியா கழுவிய மணலிலும் சில வாரங்களில் குடியேறிவிடும், மீன் விடாமல் பொறுத்திருந்தால் போதும். சட்டமும் குறுக்கே நிற்கிறது: கரையோர வலயத்தில் முருகைக்கல் அகழ்வது 1988 இன் சட்டத் திருத்தத்தால் தடையானது, காயான்கேணி 2019 இல் கடல்சார் சரணாலயமாகப் பிரகடனமானது. கடையில் வாங்கிய மணலையும் அப்படியே கொட்டக்கூடாது. ஒரு சிட்டிகையில் வினாகிரி விட்டு நுரைக்கிறதா என்று பார்த்தால் அது சுண்ணாம்பு மணலா குவாட்ஸா என்பது விளங்கும். பிறகு, கழுவிய நீர் கலங்காமல் வரும்வரை வாளியில் அலச வேண்டும்.