விடியற்கால வெப்பநிலையும் கருத்தரிப்பும்

1950-களின் தொடக்கத்தில், உலக சுகாதார ஸ்தாபனத்தின் உதவியுடன் இந்திய அரசாங்கம் புது டில்லி லோதி காலனியிலும் மைசூர் ராஜ்யத்து ராமநகரத்திலும் ஓர் ஆராய்ச்சியை நடத்தியது. கருத்தரிக்கத்தக்க நாட்களைக் கணித்துக் குடும்பத்தைத் திட்டமிடத் தம்பதிகளுக்கு இயலுமா என்பதே ஆராயப்பட்டது. நாட்களை எண்ணுவதற்குப் பெண்களுக்கு வண்ண மணிமாலைகள் அளிக்கப்பட்டன. ஆனால் மாலை, கடந்த மாதங்களின் கணக்கைக் கொண்டு கோக்கப்படுவது. இம்மாதம் சூல்முட்டை வெளிப்பட்டதா என்பதை அது அறிவிக்காது. அதனை அறிவிக்கும் எளிய குறிகளுள் ஒன்று உடலின் வெப்பநிலையாகும்.

சூல்முட்டை வெளிப்பட்ட பின்னர் சூலகத்தில் புரொஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோன் மிகுதியாகச் சுரக்கிறது. அதன் விளைவாக, ஓய்வுநிலையிலுள்ள உடலின் வெப்பம் 0.2 முதல் 0.5 டிகிரி செல்சியஸ் வரை உயர்ந்து, அடுத்த மாதவிடாய் நெருங்கும்வரை அந்நிலையிலேயே நிற்கிறது. இவ்வுயர்வு 18 நாட்களுக்கு மேல் நீடிப்பின் கருத்தரித்திருக்கலாம். பரிசோதனையால் அதனை உறுதி செய்தல் வேண்டும்.

நாள்தோறும் கண்விழித்தவுடன், எழுந்து நடமாடுவதற்கும் நீர் அருந்துவதற்கும் முன்னர், ஒரே நேரத்தில் வெப்பத்தை அளந்து குறித்தல் வேண்டும். நுண்ணிய வேறுபாட்டையும் காட்டும் வெப்பமானியே இதற்கு ஏற்றது. காய்ச்சல், உறக்கக் குறைவு, மதுபானம் ஆகியவை அளவை மாற்றிவிடும். பாலக்காட்டுக் கணவாயை ஒட்டிய பெருமாட்டி போன்ற ஊர்களில், கோடையின் புழுக்கத்தால் உறக்கம் கெட்ட இரவுகளையும் குறிப்பில் எழுதி வைத்தல் நலம்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தை நீக்குவது ஊழியர்களின் கடமை. வெப்பம் உயர்ந்த பின்னர் முயல்வது காலந்தாழ்ந்த முயற்சியாகும். சூல்முட்டையின் ஆயுள் சுமார் ஒரு நாளே; விந்தணுவோ ஐந்து நாட்கள் வரை உயிர்வாழக்கூடும். ஆகவே, முட்டை வெளிப்படும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாட்களுமே உகந்தவை. இரண்டு மூன்று மாதக் குறிப்புகளை ஒப்பிட்டால், வெப்பம் உயரும் நாளை ஓரளவு முன்னறியலாம். தெளிந்து வழுவழுப்பாக வரும் வெள்ளைநீரும் அந்நாட்கள் நெருங்கியதைக் காட்டும்.

வெப்பம் உயராத மாதம் ஒன்றைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. ஓராண்டு முயன்றும் கருத்தரியாவிடில், மனைவியின் வயது 35 அல்லது அதற்கு மேற்பட்டதாயின் ஆறு மாதத்திலேயே, தம்பதியர் இருவரும் வைத்தியரை நாட வேண்டும். காரணம் கணவரிடமும் இருக்கக்கூடும். ஆதலால் விந்துப் பரிசோதனை தொடக்கத்திலேயே செய்யத்தக்கது. வெப்பக் குறிப்பு வைத்தியருக்கு உதவும் சான்றேயன்றி, பெண்ணின்மீது பழி சுமத்தும் சாட்சியன்று. இதனை இல்லந்தோறும் எடுத்துரைப்பது களப்பணியாளரும் ஆசிரியரும் செய்யக்கூடிய பெருந்தொண்டாகும்.