கொப்பித் தாளிற் பிறந்த தேசப்படம்

இலண்டன் மாநகரின் நிலத்துக்கடியிலே ஓடும் புகையிரதங்களைப் பற்றி அறியாதார் நம்முள் மிகச் சிலரே. (புகையிரதம் என்று பழக்கத்தாற் சொல்லிவிட்டோம், மின்சாரத்தால் ஓடும் வண்டிக்குப் புகையேது!) ஈஸ்ட் ஹாமிலும் டூட்டிங்கிலும் உற்றார் உறவினர் வாழும் குடும்பங்கள் யாழ்ப்பாணத்திற் பல உண்டு. அவர்களைக் கண்டு மீள்வோரின் சட்டைப்பையிலே மடித்த சிறு தேசப்படமொன்று இருப்பதைப் பார்த்திருக்கின்றோம். சிவப்பும் நீலமும் பச்சையுமாக நேர்கோடுகள். கோடுகளின் ஓரத்திலே ஊர்ப் பெயர்கள். பார்த்த மாத்திரத்தே வழி விளங்கிவிடும். அத்துணை எளிமையான அந்தப் படத்தை ஆக்கியவர் பட்ட பாடு எளிமையானதன்று.

அவர் பெயர் ஹரி பெக். 1902ஆம் ஆண்டிற் பிறந்தவர். நிலக்கீழ்ப் புகையிரதச் சேவையின் சமிக்ஞைப் பகுதியிலே படவரைஞராகத் தொழில் பார்த்தார். மின்கம்பிகள் எங்கே பிரிகின்றன, எங்கே கூடுகின்றன என்று காட்டும் படங்கள் அவருக்குப் பழக்கமானவை. கம்பி சுவரிலே எத்தனை அடி செல்கின்றது என்பதை அத்தகைய படம் காட்டுவதில்லை. எதனோடு எது தொடுக்கப்பட்டிருக்கின்றது என்பதே அங்கு வேண்டப்படுவது.

அக்காலத்துப் புகையிரதத் தேசப்படங்களோ நிலப்பரப்பைப் பெரும்பாலும் உள்ளவாறே காட்டின. பாதைகள் பாம்புபோல நெளிந்தன. நகரின் நடுவிலே நிலையங்கள் நெருங்கியிருந்தமையாற் பெயர்கள் முட்டி மோதின. புறநகர்ப் பகுதிகளோ தாளில் இடம்பெறாமலே போயின. நிலத்தின் கீழே செல்லும் பிரயாணிக்கு மேலேயுள்ள வீதியின் வளைவைக் காட்டி ஆவதென்ன? எந்த நிலையத்தில் ஏறுவது, எங்கே வண்டி மாறுவது, எங்கே இறங்குவது என்ற மூன்றுமே அவனுக்கு வேண்டும். இந்த எண்ணம் உதித்ததும் பெக் அதனை விட்டுவிடவில்லை. 1931ஆம் ஆண்டிலே, எவரும் பணிக்காமல், ஓய்வு நேரத்தில், சாதாரண கொப்பித் தாளிலே பென்சிலாலும் வர்ண மையாலும் கீறத் தொடங்கினார்.

அவர் செய்தவற்றைச் சற்று நின்று கவனித்தல் தகும். பாதைகளையெல்லாம் கிடைக்கோடு, நிலைக்கோடு, 45 பாகைச் சாய்வுக்கோடு என்னும் மூன்று வகைக்குள் அடக்கினார். உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்தாற்போல நகரின் நடுப்பகுதியை விரித்து, புறநகரைச் சுருக்கினார். நிலையங்களைக் குறித்த பொட்டுக்களை நீக்கி, கோட்டின் பக்கத்திலே சிறு முளை ஒன்றை மாத்திரம் இட்டார். அம்முளை பெயரைச் சுட்டும் விரல்போல நின்றது. வண்டி மாறும் நிலையங்களுக்கு மட்டும் தனிக் குறி கொடுத்தார். வீதி, பூங்கா, மாளிகை யாவும் போயின. தேம்ஸ் நதி ஒன்றே எஞ்சியது. அந்த நதியையுங்கூட அவருடைய மட்டக்கோல் நேராக்கிவிட்டது! வரைகலையிலே சேர்ப்பதினும் நீக்குவதே கடினம் என்பது எமது கருத்து. ஆசையோடு கீறிய கோட்டை அழிப்பதற்கு யாருக்குத்தான் மனம் வரும்?

மேலிடத்தார் அந்தப் படத்தை முதலில் ஏற்கவில்லை. தூரத்தைக் காட்டாத தேசப்படமும் ஒரு தேசப்படமா என்பது அவர்களுடைய தயக்கம். அது நியாயமற்ற தயக்கமுமன்று. லெஸ்டர் சதுக்கத்துக்கும் கவன்ட் கார்டனுக்கும் இடையிலுள்ள தூரம் ஏறக்குறைய 300 யார் மாத்திரமே. படத்தை நம்பி அதற்கும் வண்டியேறும் வெளியூரார் இன்றும் உளர். பெக் மறுபடியும் சமர்ப்பித்தார். 1932இலே 500 பிரதிகள் பரீட்சார்த்தமாக விநியோகிக்கப்பட்டன. மக்களுக்கு அது பிடித்துவிட்டது. 1933 சனவரியில் ஏழரை இலட்சம் பிரதிகள் வெளிவந்தன. அடுத்த மாதமே மீண்டும் அச்சிட வேண்டியதாயிற்று. ஆக்கியோனுக்குக் கிடைத்த சன்மானம் சில கினிகளே.

பணத்துக்காகச் செய்தவராயின் அத்துடன் விட்டிருப்பார். புதிய பாதை திறக்கப்படும்போதெல்லாம் படத்தை மீண்டும் வரைந்தார். ஒரு நிலையத்தின் பெயரை எந்தப் பக்கத்தில் வைப்பது என்பதற்கும் தலையை உடைத்துக்கொண்டார். பரிகாசத்துக்கும் அவர் குறைந்தவரல்லர். மின்கம்பிப் படம் போலிருக்கின்றதென்று சகஊழியர் கேலி செய்யவே, நிலையங்களின் பெயருக்குப் பதிலாக மின்சாரக் கருவிகளின் பெயர்களை இட்டுத் தாமே ஒரு வேடிக்கைப் படம் கீறி, 1933இலே ஊழியர் சஞ்சிகையில் வெளியிட்டார். 1947 முதல் இலண்டன் அச்சுக்கலைக் கல்லூரியில் ஆசிரியராகவும் பணிபுரிந்தார். ஆயினும் அந்த ஒரு தாளின் மீதிருந்த பற்று அவரை விடவில்லை. ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் அதனைத் திருத்திக்கொண்டேயிருந்தார்.

1960இலே அவருக்குப் பேரிடி விழுந்தது. புதிய தேசப்படம் ஒன்று நிலையங்களில் ஒட்டப்பட்டது. அதன்மேல் பெக்கின் பெயரில்லை. விளம்பர அதிகாரி ஹரல்ட் ஹச்சிசனின் பெயர் இருந்தது. பெக்கை எவரும் கலந்தாலோசிக்கவுமில்லை. மாற்றங்கள் யாவும் தம் கையாலேயே செய்யப்படும் என்று அவர் நம்பியிருந்தார். புதிய படத்தின் கோடுகள் வளைந்து திரும்பாமற் கூர்மூலைகளாக முறிந்து திரும்பின; கண்ணுக்கும் அது இதமாயில்லை. பெக் கடிதத்துக்குமேற் கடிதம் எழுதினார். கேளாமலே புதிய படங்களும் வரைந்து அனுப்பினார். பயனில்லை. ஹச்சிசனின் படமும் நீடிக்கவில்லை. 1964இலே போல் கார்பட் என்பவர் வரைந்த படம் அதனிடத்தைப் பிடித்தது. அதிலே பெக்கின் வளைவுகள் திரும்பி வந்தன. பெக் திரும்பி வரவில்லை.

1974ஆம் ஆண்டில் அவர் காலமானார். 1997இலேதான் அவருக்குரிய இடம் அவருக்கு அளிக்கப்பட்டது. இன்று அச்சாகும் படத்தின் அடியிலே, 1931இல் ஹரி பெக் கருதிய மூல அமைப்பிலிருந்து வளர்ந்தது இது என்னும் பொருள்பட ஒரு வரி பொடியெழுத்திற் காணப்படுகின்றது. வீட்டிலே அந்தத் தேசப்படம் இருப்பவர்கள் எடுத்து விரித்துப் பார்க்கலாம். அவர் முதன்முதற் கீறிய கொப்பித் தாளோ இலண்டனிலுள்ள விக்டோரியா அல்பர்ட் நூதனசாலையிலே பேணப்பட்டு வருகின்றது.