எட்டா, பத்தா? ஒரு பைனாகுலரின் வரவு செலவு

ஆவடி பருத்திப்பட்டு ஏரியின் பரப்பு சுமார் 87 ஏக்கர், அதாவது ஏறக்குறைய 3,52,000 சதுர மீட்டர். ஏரியை வட்டமாக வைத்துக்கொண்டால் கரையிலிருந்து நடுத்தண்ணீர் 335 மீட்டர். எட்டு மடங்கு பைனாகுலர் அந்தத் தூரத்தை 42 மீட்டராகக் காட்டும். பத்து மடங்கு என்றால் 33.5 மீட்டர். கடையில் நிற்கும் யாருக்கும் பத்துதான் மேல் என்று தோன்றும். கணக்கை முழுதாகப் போட்டுப் பார்த்தால் அப்படி இல்லை.

நல்ல பார்வையுள்ள கண் பிரித்தறியும் மிகச் சிறிய கோணம் ஒரு டிகிரியில் 60-ல் ஒரு பங்கு. 200 மீட்டர் தள்ளி அது 5.8 செ.மீ. புள்ளிமூக்கு வாத்தின் அலகு நுனியில் இருக்கும் மஞ்சள் அதைவிட மிகச் சிறியது. எனவே வெறும் கண்ணுக்கு அது வெறும் வாத்து. எட்டு மடங்கில் 7.3 மி.மீ. வரை பிரியும், மஞ்சள் தெரிந்துவிடும். பத்து மடங்கில் 5.8 மி.மீ. ஆக, எட்டிலிருந்து பத்துக்குப் போவதால் கிடைக்கும் லாபம் ஒன்றரை மில்லிமீட்டர். அதுவும் கை ஆடாமல் இருந்தால் மட்டும். பிம்பம் எத்தனை மடங்கு பெரிதாகிறதோ கை நடுக்கமும் அத்தனை மடங்கு பெரிதாகும். வெயில் ஏறியபின் தண்ணீர்மேல் கானல் அலையும்போது, கூடுதல் மடங்கு அந்த அலைச்சலைத்தான் பெரிதாக்கிக் காட்டும்.

இனி வெளிச்சம். பெட்டியில் 8x42 என்றிருந்தால் 42 என்பது முன்கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். அதை 8-ஆல் வகுத்தால் 5.25. பின்பக்கத்திலிருந்து கண்ணுக்குள் வந்து விழும் ஒளிவட்டத்தின் அகலம் அது. 10x42-இல் 4.2. சட்டைப்பையில் அடங்கும் 10x25-இல் 2.5 மட்டுமே. உச்சி வெயிலில் நம் கண்மணி இரண்டு, மூன்று மி.மீ. அளவுக்குச் சுருங்கியிருக்கும். அப்போது 10x25-உம் குறை சொல்ல முடியாதது. ஆனால் பறவைகளும் விலங்குகளும் நடமாடுவது விடியலிலும் அந்தியிலும். வேடந்தாங்கலில் இரை தேடப் போன கூழைக்கடாக்களும் நாரைகளும் கூட்டம் கூட்டமாகத் திரும்பும் மாலை நேரத்தில் கண்மணி நன்றாக விரிந்துவிடும். 42 மி.மீ. கண்ணாடி 25 மி.மீ. கண்ணாடியைப்போல 2.8 மடங்கு ஒளியைச் சேர்க்கிறது. முதுமலையில் காலைச் சவாரி வண்டியிலிருந்து மூங்கில் புதருக்குள் இருக்கும் காட்டெருமையைப் பார்க்கவும் இந்த வெளிச்சம்தான் வேண்டும்.

மூன்றாவது கணக்கை வாங்குபவர்கள் கேட்பதே இல்லை: எவ்வளவு அகலம் தெரியும்? நிக்கான் அகுலான் ஏ211 வரிசையை எடுத்துக்கொள்வோம். அதன் 8x42 காட்டும் கோணம் 8 டிகிரி, 10x42 காட்டுவது 6 டிகிரி. 100 மீட்டர் தூரத்தில் முதலாவதில் 14 மீட்டர் அகலம் தெரியும், இரண்டாவதில் 10.5 மீட்டர்தான். பரப்பாகப் பார்த்தால் எட்டு மடங்குக் கருவி பத்து மடங்குக் கருவியைப்போல ஏறக்குறைய 1.8 மடங்கு காட்சியைத் தருகிறது. எடையோ 755 கிராமும் 760 கிராமும், ஏறத்தாழ ஒன்றுதான். மீன்கொத்தி ஒரு கிளையிலிருந்து மறு கிளைக்குப் பாயும்போது புதியவர் கண்ணில் அது சிக்குமா, தவறுமா என்பதை இந்த அகலம் முடிவு செய்கிறது. நான் யாருக்கும் முதல் கருவியாகப் பத்து மடங்கைச் சொல்வதில்லை.

மலிவுச் சந்தையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நடுத்தரக் குடும்பங்களின் பணம் அங்கேதான் வீணாகிறது. ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய்க்கு 30x60, 50x50 என்று அச்சிட்டு விற்கிறார்கள். 30x60 உண்மையாகவே இருந்தாலும் ஒளிவட்டம் 2 மி.மீ.தான் வரும், முக்காலி இல்லாமல் ஒரு விநாடிகூடப் பார்க்க முடியாது. பெரும்பாலும் அந்த எண்ணே பொய். சோதிக்க ஓர் அடிக்கோல் போதும். முன்கண்ணாடியின் குறுக்கே வைத்து விட்டத்தை அளந்துகொள்ளுங்கள். பிறகு கருவியைக் கைநீட்டும் தூரத்தில் வானத்தை நோக்கிப் பிடித்தால் பின்பக்கத்தில் சின்ன ஒளிவட்டம் தெரியும், அதையும் அளந்துகொள்ளுங்கள். முதல் அளவை இரண்டாவதால் வகுத்தால் உண்மையான மடங்கு வந்துவிடும். கண்ணாடி 40, வட்டம் 5 என்றால் அது எட்டு மடங்குதான், பெட்டியில் 30 என்றிருந்தாலும் சரி. அந்த ஒளி முழு வட்டமாக இல்லாமல் ஓரங்கள் வெட்டுப்பட்டுச் சதுரம்போல் தெரிந்தால் உள்ளே இருப்பது தரம் குறைந்த பட்டகம். செக்கச்செவேலென்று மின்னும் முன்கண்ணாடி வேண்டவே வேண்டாம். அது சிவப்பு ஒளியை வெளியே திருப்பி அனுப்பிவிடுகிறது, பூநாரையின் இளஞ்சிவப்பே நிறம் மாறிப்போகும்.

கண்ணாடிமேல் பூச்சு இருப்பதும் வீண் விளம்பரம் இல்லை. பூச்சில்லாத ஒவ்வொரு கண்ணாடிப் பரப்பும் ஏறக்குறைய 4 சதவீத ஒளியைத் திருப்பிவிடும். எளிய பைனாகுலருக்குள்ளும் பத்துப் பரப்புகளாவது உண்டு. பத்தையும் தாண்டி வருவது 66 சதவீதம்தான். எல்லாப் பரப்பிலும் பல அடுக்குப் பூச்சு இருந்து இழப்பு அரை சதவீதமாகக் குறைந்தால் 95 சதவீதம் வந்து சேரும். பெட்டியில் ‘ஃபுல்லி மல்டி கோட்டட்’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் ‘கோட்டட்’ என்றால் ஏதோ ஒரு பரப்பில் மட்டும் பூசியிருக்கலாம்.

மூக்குக் கண்ணாடி போடுபவர்களுக்குக் கணக்கு மாறுகிறது. கண்ணைக் கருவியிலிருந்து எவ்வளவு தள்ளி வைத்தும் முழுக் காட்சியைப் பார்க்கலாம் என்ற அளவு அகுலான் 8x42-இல் 12 மி.மீ., மூக்குக் கண்ணாடிக்கு இது போதாது. குறைந்தது 15 வேண்டும். நிக்கானின் புரோஸ்டாஃப் பி3 8x42-இல் அது 20 மி.மீ.க்குச் சற்று மேல். கோணம் 7.2 டிகிரிதான் என்றாலும் கண்ணாடி அணிந்தவர் அதை முழுதாகப் பார்ப்பார். எடையும் 565 கிராம், கழுத்துக்கு 190 கிராம் மிச்சம். விலை கூடுதல். சிறுபிள்ளைகளுக்கு வேறொரு சிக்கல்: பெரிய கருவிகள் பல 56 மி.மீ. கண் இடைவெளிக்குக் கீழே மடங்காது, பிள்ளைக்கு இரண்டு வட்டங்களாகத் தெரியும். அழைத்துப் போய் வைத்துப் பார்த்தபிறகே வாங்க வேண்டும்.

கையில் 10,000 ரூபாய் இருந்தால் நான் பிரிப்பது இப்படி. கருவிக்கு 9,000 வரை. காற்றுப்புகாத டப்பாவுக்கும் சிலிக்கா ஜெல்லுக்கும் 500. நல்ல அகலப் பட்டைக்கும் துடைக்கும் துணிக்கும் மீதி 500. டப்பாச் செலவை யாரும் வெட்ட வேண்டாம். அகுலான் போன்ற பழைய பாணிப் பட்டகக் கருவிகள் நீர்புகாதவை அல்ல. அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான ஈரக்காற்றில் அலமாரியில் போட்டுவைத்தால் உள்கண்ணாடியில் பூஞ்சை பிடிக்கும். அதைத் தொழில்முறையாகச் சுத்தம் செய்யும் செலவில் கருவி விலையில் பெரும்பங்கு போய்விடும். நைட்ரஜன் நிரப்பி அடைத்த கருவிக்குக் கூடுதலாகக் கொடுப்பது நம் ஊரில் நியாயமான செலவு.

மாதம் ஒருமுறை செம்பரம்பாக்கத்துக்கோ பூண்டிக்கோ பழவேற்காட்டுக்கோ போகும் குடும்பம் பத்து ஆண்டில் 120 முறை அதைப் பயன்படுத்தும். 9,000 ரூபாய் என்றால் ஒரு பயணத்துக்கு 75 ரூபாய். நால்வருக்கு ஒரே கருவி போதும், கைமாற்றிப் பார்க்கலாம். இரண்டு பொம்மைக் கருவிகளுக்கு 3,000 கொடுப்பதைவிட இது மேல்.

இப்போதைக்குப் பணமில்லை என்றால் ஒன்றும் வாங்காதீர்கள். 1978-இல் தொடங்கிய மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டி போன்ற அமைப்புகளின் பறவை நடைகளில் சேர்ந்து, பக்கத்தில் நிற்பவரிடம் எட்டையும் பத்தையும் கேட்டு வாங்கி ஒரே வாத்தைப் பாருங்கள். 2015 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. அதற்குள் சொந்தக் கருவி வேண்டுமென்றால் நவம்பரிலேயே வாங்கிவிடுவது நல்லது. வலசைப் பறவைகள் வந்திருக்கும். திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் அந்தி வெளிச்சத்தில் தூரத்துப் பெயர்ப்பலகையை இரண்டு கண்ணாலும் படித்து, எழுத்துகள் இரட்டையாகத் தெரிகின்றனவா என்று பார்த்துவிடவும் நாள் இருக்கும்.