பொய்ச் சமிக்ஞையின் பிறப்பிடம்

ஊதியம் கருதாது, அறிவு விருப்பம் ஒன்றே காரணமாக, அரசின் அனுமதி பெற்றோர் வானலை வழியே ஒருவரோடொருவர் தொடர்பு கொள்ளும் கலையே அமெச்சூர் வானொலி எனப்படும். இவர்கள் கையாளும் அலைகளுள் ஏறக்குறைய 2 மீற்றர் நீளமுடையவை பெரும்பாலும் நேர்கோட்டிற் செல்லும் இயல்பின. மலை குறுக்கிடின் மறிக்கப்படும். இக்குறையை நீக்கும்பொருட்டே உயர்ந்த இடங்களில் மீள்செலுத்தி நிலையங்கள் அமைக்கப்படுகின்றன. ‘றிப்பீற்றர்’ என வழங்கும் இந்நிலையம் மெலிந்த அலையொன்றை ஒரு மீடிறனில் வாங்கி, அதே கணத்தில் வேறொரு மீடிறனில் வலிமையுடன் திருப்பிச் செலுத்துகின்றது. கையிலடங்கும் சிறு கருவியுடன் பள்ளத்தாக்கில் நிற்பவனும் மலைக்கு அப்பால் உள்ளவனோடு உரையாடுதல் இதனாலேயே இயல்வதாகின்றது.

இதன் அருமையை எண்களால் உணரலாம். ஒரு மீள்செலுத்தி 145.000 மெகாஹேர்ட்சில் வாங்கி, 145.600 மெகாஹேர்ட்சில் 50 உவாற்று வலுவுடன் செலுத்துகின்றது எனக் கொள்வோம். அது கேட்க வேண்டிய அலையோ 50 ஓம் தடையில் 0.2 மைக்குரோவோற்று அளவினதாக இருத்தல் கூடும். இவ்விரு வலுக்களையும் ஒப்பிடின், செலுத்தப்படுவது வாங்கப்படுவதைப் போல 6 என்னும் எண்ணின் பின் 16 பூச்சியங்கள் இட்ட மடங்கினதாகும். திருவிழா வீதியிலே தவில் முழக்குவோன் தன் கை ஓயாமலே, வீதியின் மறுகோடியில் ஒருவர் முணுமுணுப்பதைக் கேட்க வேண்டுமாயின் அவன் நிலை எத்தகையதோ, அத்தகையதே இந்நிலையத்தின் நிலையுமாம். இரண்டையும் பிரித்துக் காப்பது டூப்பிளெக்சர் என்னும் சாதனம். ஏறக்குறைய அரை மீற்றர் நீளமான, நுண்ணிதாக இசைவு செய்யப்பட்ட உலோகக் குழிகள் சில சேர்ந்தது அது.

இத்தகைய நிலையத்தில், எவரும் பேசாதபோதும் வாங்கி திறந்துகொள்வதும், அறிமுகமில்லாத குரல்கள் குழம்பி ஒலிப்பதும், நிலையம் தன்னைத் தானே கேட்டு ஓயாது செலுத்திக்கொண்டிருப்பதும் உண்டு. இவற்றுக்குக் காரணமான வேண்டாத அலைகளையே பொய்ச் சமிக்ஞைகள் என்கின்றோம். இவற்றைக் கண்டவுடன் வடிகளை வாங்கிப் பொருத்த விரைவோர் பலர். அது பெரும்பாலும் வீண் செலவாகவே முடியும். பொய்ச் சமிக்ஞை எங்கே பிறக்கின்றது என்பதை அறிந்த பின்னரே அதற்கு மாற்றுத் தேட வேண்டும். ஏனெனில், ஓரிடத்துப் பிறந்ததை நீக்கும் உபாயம் மற்றோரிடத்துப் பிறந்ததனிடத்தே செல்லாது.

பொய்ச் சமிக்ஞைகளுட் பல, இரண்டு அலைகள் கலப்பதாற் பிறப்பவை. நேர்சீரற்ற ஒரு சாதனத்தில் இரு வலிய அலைகள் புகின், அவற்றின் கூட்டலும் கழித்தலுமாகப் புதிய அலைகள் தோன்றும். அவற்றுள், ஓர் அலையின் மீடிறனை இரட்டித்து மற்றதைக் கழிக்க வருவது பெருந்தொல்லை தருவது. மேற்கூறிய நிலையத்தின் அருகே வேறொரு சேவையின் செலுத்தி 146.200 மெகாஹேர்ட்சில் இயங்குகின்றதாயின், 145.600 இன் இருமடங்காகிய 291.200 இலிருந்து 146.200 ஐக் கழிக்க எஞ்சுவது 145.000 ஆகும். இது நமது வாங்கி செவிகொடுத்திருக்கும் மீடிறனே அன்றோ! இரு செலுத்திகளும் தனித்தனியே குற்றமற்றவை. கூடிய இடத்திலேயே குற்றம் பிறந்தது.

அக்கூட்டம் நிகழக்கூடிய இடங்கள் மூன்று. முதலாவது, வாங்கியின் முற்பகுதி. வலிய அலைகள் அதனுட் புகுந்து விரியலாக்கியைத் திணறச் செய்கையில் கலப்பு உண்டாகும். இரண்டாவது, செலுத்தியின் இறுதி விரியலாக்கி. அயற் செலுத்தியின் அலை நமது ஏரியல் வழியே இறங்கி அங்கே கலந்து, மீண்டும் ஏரியல் வழியே வெளிப்படும். மூன்றாவது, நிலையத்துக்குப் புறம்பான உலோகப் பொருத்துகள். துருவேறிய ஆணி, தளர்ந்த இழுகம்பி, கோபுரத்தின் அருகிலுள்ள வேலி ஆகியவற்றில் இரு உலோகங்களுக்கிடையே படிந்த துரு ஓர் இருவாயிபோல் இயங்கி அலைகளைக் கலக்கின்றது.

இவற்றை வேறுபடுத்தி அறியும் முறை யாது? முதற்கண், குறிப்பேடு ஒன்று வேண்டும். தொல்லை நேரும் நாழிகை, மழை, காற்று, கேட்ட குரல்கள் என்பவற்றைச் சில நாட்கள் எழுதி வருக. காற்று வீசும்போது கரகரப்பதும் மழையில் நனைந்தபின் மாறுவதும் உலோகப் பொருத்தைச் சுட்டும். ஒரு குறிப்பிட்ட சேவை பேசும்போது மாத்திரம் தோன்றுவது கலப்பைச் சுட்டும்.

அடுத்து, நமது செலுத்தியை நிறுத்திப் பார்த்தல் வேண்டும். தொல்லை நின்றால் நமது அலையும் அதிற் பங்குகொள்கின்றது என்பது தெளிவு. எனினும் குற்றம் செலுத்தியினதே என அப்போதே முடிவுகட்டலாகாது. செலுத்தியை ஏரியலிலிருந்து பிரித்து, அலையை வெளிவிடாது வெப்பமாக்கும் 50 ஓம் தடைச்சுமையில் இணைத்து இயக்குக. வாங்கி ஏரியலுடனேயே இருக்கட்டும். தொல்லை தொடருமாயின், அறையினுள்ளேயே கம்பிவடமோ உலோகப் பெட்டியோ அலையைக் கசியவிடுகின்றது. நீங்குமாயின், டூப்பிளெக்சர், ஏரியல், கோபுரம், அயல் அலையின் வருகை ஆகியவற்றை நோக்கி ஆராய்ச்சி செல்ல வேண்டும்.

மூன்றாவது சோதனையே இவ்வாராய்ச்சியின் உயிர்நாடி. வாங்கிக்கு முன்னே, வரும் வலுவை அரைவாசியாக்கும் 3 தெசிபெல் தணிப்பான் ஒன்றை இடுக. பொய்ச் சமிக்ஞை வெளியிலேயே பிறந்து வந்ததாயின் அதுவும் அரைவாசியாகவே குறையும். வாங்கியினுள்ளே மேற்கூறிய வகையிற் பிறந்ததாயின், அதனை ஈனும் இரு அலைகளும் குறைவதால், அதாவது ஓர் அலை இருமுறையும் மற்றது ஒருமுறையும் கணக்கில் வருவதால், எட்டில் ஒன்றாகக் குறையும். அளவுமானியில் முன்னது 3 தெசிபெல்லும் பின்னது 9 தெசிபெல்லும் இறங்கக் காண்போம்.

காரணம் இருக்கும் இடம் தெளிந்தபின் மாற்று எளிது. வாங்கியினுட் பிறப்பதை, வலிய அயலலையை உட்புகாது தடுக்கும் வடியினால் நீக்கலாம். செலுத்தியிற் பிறப்பதற்கு அவ்வடி பயன்படாது. பொய்யலை உரிய மீடிறனிலேயே வருதலின் அதனை வடி எவ்வாறு பிரித்தறியும்? அங்கு வேண்டியது ஐசோலேற்றர். பெரைற்றும் காந்தமும் கொண்ட இச்சாதனம் அலையை ஒரு திசையில் மாத்திரம் செல்லவிட்டு, திரும்பி வருவதைத் தடைச்சுமைக்கு அனுப்பிவிடும். எனினும் தீமை செய்வது அயலாரின் செலுத்தியாயின் ஐசோலேற்றர் அங்கேயே வேண்டப்படும். அன்பான பேச்சே முதற் கருவி. உலோகப் பொருத்திற் பிறப்பதற்குத் துருவை நீக்கி இறுக்குதலும், உலோகங்களை நன்கு இணைத்தலும், அன்றேல் முற்றாகப் பிரித்தலுமே வழி.

கலப்பின்றித் தனியே செலுத்தியிற் பிறக்கும் பொய்யலையும் உண்டு. தடைச்சுமையில் ஒழுங்காக இயங்கிய விரியலாக்கி, டூப்பிளெக்சருடன் இணைத்தவுடன் தானே அலையத் தொடங்கும். டூப்பிளெக்சர் தனக்குரிய மீடிறனில் மாத்திரமே 50 ஓம் ஆகத் தோன்றுவதே அதற்குக் காரணம். மின்வழங்கலின் அழுத்தத்தைச் சிறிது மாற்றும்போது பொய்யலையும் இடம் பெயருமாயின் இதுவே நோய் என ஐயுறலாம். கம்பிவடத்தின் நீளத்தை மாற்றின் அது மறையவும் கூடும். ஆயினும் விரியலாக்கியை உறுதிப்படுத்தாத மாற்றம் தற்காலிக அமைதியே. விமானச் சேவை 118 முதல் 137 மெகாஹேர்ட்சு வரை இயங்குவதை நினைப்போர் இதனைச் சிறு குற்றமாகக் கருதார்.

இங்கே ஓர் எச்சரிக்கை கூறல் வேண்டும். குரலுடன் தாழ்ந்த ஒலிக்குறி ஒன்று சேர்ந்து வந்தாலன்றி வாங்கி திறவாதவாறு செய்தல் இன்று பெருவழக்கு. அதனாற் தொல்லை செவிக்கு எட்டாது போகும். ஆயின் பொய்யலை ஒழிந்ததில்லை. மெலிந்த உண்மைக் குரல் வரும்போது அதனை அது முன்போலவே மூடிவிடும். நோவை மறைக்கும் மருந்து நோயைத் தீர்ப்பதன்று.

அம்மெலிந்த குரல் யாருடையதாகவும் இருக்கலாம். 2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை நம் கரைகளை அழித்தபோது, அம்பாந்தோட்டைக்கும் கொழும்புக்கும் இடையே அமெச்சூர் வானொலியாளர் தொடர்பு ஏற்படுத்தினர். அது சிற்றலையில் நிகழ்ந்ததேயன்றி மீள்செலுத்தி வழியன்று. எனினும், பிற வழிகள் அற்றவிடத்து ஒரு வாங்கியின் தெளிவு எத்துணைப் பெறுமதியுடையது என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்தும்.

வேண்டாத ஒலியின் பிறப்பிடத்தைத் தேடுதல் தொல்லை நீக்கத்தோடு முடிவதுமன்று. 1931 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த கார்ல் ஜான்ஸ்கி, கடல்கடந்த வானொலித் தொலைபேசிக்கு இடையூறாகும் ஒலிகளை ஆராய்ந்தார். இடிமின்னலின் விளைவுகளைப் பிரித்தபின் ஓயாத இரைச்சலொன்று எஞ்சியது. அது 23 மணி 56 நிமிடத்துக்கு ஒருமுறை உச்சமுறுவதைப் பொறுமையுடன் குறித்து வந்த அவர், அது பால்வீதியிலிருந்து வருவதென 1933 இல் வெளியிட்டார். வானொலி வானியல் என்னும் துறை அவ்வாறே தோன்றிற்று. இரைச்சலை அடக்கிவிட மாத்திரம் அவர் முயன்றிருப்பின் அவ்வுண்மை அவருக்குப் புலப்பட்டிராது. நம் மாணவர் ஒரு கருவியின் முன் அமரும்போது கொள்ளத்தக்க மனநிலையும் இதுவே: முதலில் நன்கு கேட்டல், பின்னர் ஒவ்வொன்றாகப் பிரித்தல், இறுதியிலேயே கைவைத்தல்.