மெர்சிங் கரைக்கு வரும் குளிர்காலம்



"சார், நம் நாட்டுக்குக் குளிர்காலமே கிடையாதா?" என்று ஒரு மாணவன் கேட்டான். பாடநூலில் பனிமனிதன் படத்தைப் பார்த்த ஏக்கம் அவனுக்கு. பனி நமக்கு இல்லைதான். ஆனால் வடநாட்டுக் குளிர்காலம் வேறு உருவத்தில் ஆண்டுதோறும் மெர்சிங் கரைக்கு வருகிறது.

நவம்பர் வாக்கில் சைபீரியாவிலும் சீனாவின் வடபகுதியிலும் தரை கடுமையாகக் குளிர்ந்துவிடுகிறது. குளிர்ந்த காற்று கனமானது. அது வெப்பமான தென்திசை நோக்கிப் பாய்கிறது. தென்சீனக் கடலைக் கடக்கும்போது நீராவியைச் சுமந்துகொண்டு, நம் கிழக்குக் கரையில் மழையாகக் கொட்டுகிறது. இதுதான் வடகிழக்குப் பருவக்காற்று. மலாய்க்காரர்கள் சொல்லும் 'தெங்குஜூ' காலம். நம் பாட்டன்மார் தமிழ்நாட்டில் ஐப்பசி, கார்த்திகையில் கண்ட அடைமழையும் இதே பருவக்காற்றால் வந்ததே. இந்த நாட்களில் பால்மரம் வெட்ட முடியாமல் வருமானம் குறைவதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கி வெள்ளத்தில் மூழ்கியதும் இக்காலத்து மழையில்தான்.

மழையைவிட அஞ்ச வேண்டியது அலை. சீனக் கரையிலிருந்து மெர்சிங்வரை 2,000 கிலோமீட்டருக்கும் மேல் திறந்த கடல். காற்று எவ்வளவு தூரம் தடையின்றி நீரைத் தள்ளுகிறதோ, அவ்வளவுக்கு அலை உயரும். மணிக்கு 40 முதல் 50 கிலோமீட்டர் வேகக் காற்றில் அலை 3.5 மீட்டர்வரை எழும்பலாம். லயத்து வீட்டின் கூரையோரத்தை அண்ணாந்து பாருங்கள், அந்த உயரம் புரியும்.

ஒரு டிசம்பர் விடுமுறையில் சில குடும்பங்களோடு மெர்சிங் போயிருந்தேன். ராவாத் தீவுக்குப் போக வேண்டுமென்று பிள்ளைகள் ஒரே பிடிவாதம். படகுத்துறையில் தண்ணீர் குளம்போல் கிடந்தது. "தண்ணி சும்மாதானே இருக்கு சார், போயிட்டு வந்துடலாம்" என்றார் ஒரு தகப்பனார். எனக்கும் ஆசைதான். அங்கிருந்த மலாய்ப் பெரியவர் ஒருவர் சிரித்துவிட்டு, கடற்கரைப் பக்கம் போய்ப் பார்க்கச் சொன்னார். போனோம். அலைகள் வெள்ளைச் சுவராக உடைந்துகொண்டிருந்தன. படகுத்துறை இருப்பது ஆற்றுக்குள்ளே. அதனால்தான் அங்கே அமைதி. முகத்துவாரத்தைத் தாண்டினால் வேறு உலகம். அந்தத் தகப்பனார் பிறகு பேசவே இல்லை.

அன்று தீவுக்குப் போகவில்லை. ஆனால் பொழுது வீணாகவும் இல்லை. நீர் வற்றியபோது முகத்துவாரச் சேற்றில் உள்ளான் குருவிகள் ஓடி ஓடி இரை பொறுக்கின. மாலையில் மின்கம்பிகளில் தகைவிலான் குருவிகள் வரிசையாக வந்து அமர்ந்தன. இவையெல்லாம் வடக்கே உறைபனிக்குத் தப்பி, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்த விருந்தாளிகள். உங்கள் பட்டணத்துக் கம்பிகளிலும் தகைவிலான்களைத் தேடிப் பாருங்கள். மார்ச், ஏப்ரலில் திரும்பிவிடும். கடற்கரைக்குப் போனால் மணலோடு நில்லுங்கள். முழங்கால் அளவு நீரில்கூடப் பிள்ளைகளை இறக்காதீர்கள். கரையேறிய அலை திரும்பும்போது ஆளையே உள்ளே இழுத்துவிடும்.

தீவுக்கு ஏற்ற காலம் காற்று ஓய்ந்த பிறகு, ஏப்ரல் வாக்கில். மெர்சிங்கிலிருந்து ராவா ஏறத்தாழ 16 கிலோமீட்டர்தான். நீர்க்கண்ணாடி அணிந்து குனிந்தால் பவளப்பாறை தெரியும். பாறை என்று பெயரே தவிர, அது கோடிக்கணக்கான சிற்றுயிர்கள் சேர்ந்து கட்டிய குடியிருப்பு, ஏறக்குறைய நம் லயம் போல. அதன்மேல் கால் வைத்தால் அவை செத்துப்போகும். ராவா, பெசார், திங்கி, சீபு போன்ற தீவுகளைச் சுற்றிய கடல் 1994 முதல் கடல் பூங்கா. அங்கே மீன் பிடிக்கவோ பவளம் எடுக்கவோ கூடாது.

புறப்படும் முன் படகு நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். முகத்துவாரம் ஆழமற்றது, நீர் வற்றினால் பெரிய படகுகள் வெளியேற முடியாது. ஆகவே நேரம் கடலின் ஏற்ற இறக்கத்தைப் பொறுத்து நாளுக்கு நாள் மாறும். ஏறியதும் மிதவைச் சட்டையைப் பிள்ளைகளுக்கு நீங்களே மாட்டி, வாரை இழுத்துப் பாருங்கள்.